அறுந்ததாகச் சொன்ன பெல்ட்

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஸ்கூட்டரின் பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

காளிமுத்து முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நடு ஸ்டாண்டில் ஏற்றிய ஸ்கூட்டரின் பின் சக்கரம் சும்மா சுழல்வது எந்தக் கராஜிலும் நடப்பதுதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளச் பிடிக்காமலே, உள்ளே இருக்கும் பெயரிங்கின் உரசலில் சக்கரம் தூக்கக் கலக்கத்தில் நடப்பவனைப் போல அசையும். செருப்புக் காலால் டயரை லேசாகத் தொட்டால் நின்றுவிடும். எஞ்சின் நின்ற பிறகும் ஒரு சுற்று, அரைச் சுற்று மிச்சம் இருக்கும். அவன் காலை வைத்தான். டயர் நிற்கவில்லை. செருப்பின் அடிப்பாகத்தை அது மெல்ல, அவசரமே இல்லாமல், தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. காலை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டான்.

திரும்பிப் பார்த்தபோது சக்கரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"பசி மயக்கம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பெற்றோலும் கேஸும் பால்மாவும் நாட்டை விட்டே ஒளிந்துகொண்ட வருஷம் அது. கரண்ட் நினைத்த நேரத்தில் போகும், நினைத்த நேரத்தில் வரும். அன்றைக்கும் பொழுது சாயும்போதே போய்விட்டது. கடுகண்ணாவை டவுனுக்குச் சற்றுக் கீழே, கண்டி வீதி மேட்டில் ஏறும் இடத்தில்தான் கராஜ். வாசலில் நின்றால் வலது பக்கம் வீதி ஏறிப்போய்ப் பலாமரத்து வளைவில் மறைவது தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. மழை விட்ட கையோடு பள்ளத்திலிருந்து கிளம்பிய மூடுபனி, முதலில் எதிர்ப்பக்கத்து மதிலை, பிறகு பூட்டிக் கிடந்த தேநீர்க் கடையை, பிறகு வீதியின் வெள்ளைக் கோட்டை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்து, கராஜ் வாசலில் கிடந்த பழைய டயர்களின் மேல் வந்து குந்தியிருந்தது. வாகனங்கள் இல்லாத வீதி ஒரு பெரிய காது மாதிரிக் கிடந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், மேலே ஸ்டேஷனில் ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் விறகு உடைக்கும் ஓசை எல்லாமே பக்கத்தில் நின்று யாரோ செய்வது போலக் கேட்டன.

ஸ்கூட்டர் றமீஸாவுடையது. றமீஸா, நளீரின் மனைவி. நளீரும் காளிமுத்துவும் பேராதனையில் ஒரே பாஸிடம் வேலை பழகி, ஒரே கோப்பையில் தேநீர் குடித்து, கடைசியில் இந்தக் கராஜைச் சேர்ந்து எடுத்தவர்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் றமீஸா ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாள்.

"தம்பி, இத ஒருக்கா பாருங்களே. சிக்னல் லைட்டடியில நின்டா நிக்கிதில்ல, தானா முன்னுக்கு இழுக்குது. இவர்ட்ட செல்லிச் செல்லி அலுத்துப் பெய்த்து."

"நளீர் ஏன் பாக்கல, ராத்தா?" அக்கா முறையில் அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"பாக்குறன் பாக்குறன் எண்டு செல்ற, கராஜுக்கு மட்டும் கொண்டு வராத எண்டு செல்ற. சொந்தமா கராஜ் வச்சீக்கிறவன்ட பொஞ்சாதி பஸ்ல தொங்குற. நல்லா ஈக்கா கத?" சிரித்துவிட்டு, குழந்தையின் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இண்டைக்கி அவர் பெற்றோல் வரிசைக்குப் பெய்த்து. அதுதான் களவா கொண்டாந்த. அவர் வர முந்தி செஞ்சி வைங்க தம்பி. அந்திக்கு வந்து எடுக்குற. புள்ளையோட இறக்கத்துல போகப் பயமா ஈக்கி."

அதுதான் அவன் மனதில் முள்ளாக நின்றது. நளீர் தன் மனைவியின் வண்டியை யாரையும் தொட விடமாட்டான். அவன் இல்லாத நேரம் ஒருமுறை டயருக்குக் காற்றடிக்கப் போனதற்கே, "அத நீ விடு மச்சான், அது நான் பாக்குற வண்டி," என்று வந்து குழாயை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அது காளிமுத்துவுக்கு அன்பாகத்தான் பட்டது. தங்கை புஷ்பகாந்தி செத்த பிறகு, ஸ்கூட்டர் என்றாலே காளிமுத்து ஒதுங்கிப்போவதை நளீர் கவனித்திருக்க வேண்டும். அதனால்தான் தன்னிடம் வரும் ஸ்கூட்டர்களை எல்லாம் இவனிடம் கொடுக்காமல் தானே பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

போனின் டோர்ச்சைப் போட்டு, வேலை மேசையில் சாய்த்து வைத்தான். வெளிச்சம் ஸ்கூட்டரின் இடது பக்கத்தில், பெல்ட்டை மூடியிருக்கும் நீண்ட அலுமினிய மூடியின் மேல் விழுந்தது. மூடிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

சர்... சர்...

ரப்பர் இரும்பில் உரசும் சத்தம். மிக மெதுவாக. ஓடி வந்த ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பது போல.

அவன் குனிந்து காதை வைத்தான். சத்தம் நின்றது. மூடி சூடாக இருந்தது. சும்மா கொஞ்ச நேரம் ஓடிய எஞ்சினுக்கு அத்தனை சூடு வராது. இது, நெடுந்தூரம் மேட்டில் ஏறி இறங்கிய வண்டியின் சூடு.

காதை எடுத்தபோது மூக்கில் ஏறியது ஒரு வாசனை. கருகிய ரப்பர் வாசனை அவனுக்குப் பழக்கம். இது அதற்குள்ளே இருந்த இன்னொன்று. கண்ணைக் கரிக்கும், இனிப்பான, பெண்பிள்ளைகள் நகத்தில் பூசும் கியூடெக்ஸ் வாசனை.

காளிமுத்து மூடியை விட்டு விலகினான்.

புஷ்பகாந்தியின் வாசனை அது. கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு இருந்தவளைப் பிலிமத்தலாவையில் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்த்துவிட்டு, கராஜுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த அறையில் தன்னோடு வைத்துக்கொண்டான். பழைய ஸ்கூட்டர் ஒன்றையும் தேடி எடுத்துக் கொடுத்தான்; றமீஸாவுடையதைப் போலவே, அதே மொடல், அதே சாம்பல் நிறம். அதன் பெல்ட் பல் பல்லாக வெடித்திருந்தது. இறக்குமதி நின்றுபோயிருந்த நேரம். கண்டியில் ஒரு கடை விடாமல் அலைந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய ஸ்டோரின் பின் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரே ஒரு புதுப் பெல்ட்டைத் தெய்வத்தைக் கண்டவன் மாதிரிக் கொண்டுவந்தான். போடுவதற்கு முன் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பெல்ட்டின் முதுகில் அடையாளம் வைப்பது அவன் வழக்கம். கழற்றி மாட்டும்போது பக்கம் மாறினால் பெல்ட் கெட்டுவிடும். பெயின்ட் இருக்கவில்லை. மேசையில் ஏறி உட்கார்ந்து நகம் பூசிக்கொண்டிருந்த புஷ்பா, "குடுண்ணே, நா போட்டுத் தாறேன்," என்று பெல்ட்டைப் பறித்து, ஊதா நிறத்தில் ஒரு அம்புக்குறி வரைந்தாள். அந்த நேரம் பார்த்து வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. கை அதிர்ந்தது. அம்பின் வால் எலி வால் மாதிரி வளைந்துபோனது.

"போச்சு. இனி வண்டி வளைஞ்சுதான் ஓடும்," என்றாள்.

"வாயக் கழுவு," என்றான் அவன்.

மேட்டில் இழுப்பதற்காக, முன்னால் பெல்ட்டைச் சுழற்றும் புல்லிக்குள் இருக்கும் ரோலர்களையும் மாற்றி, கொஞ்சம் லேசானவை போட்டான். கண்டிப் பக்கத்து ஏற்றங்களுக்கு எல்லாரும் செய்வதுதான். எஞ்சின் கூடச் சுற்றும், வண்டி கூட ஏறும். வேலை முடிந்ததும் நளீர்தான், "தா மச்சான், நான் கழுவி ஒரு சுத்து ஓடிப் பாத்துட்டுத் தாறன்," என்று எடுத்துக்கொண்டு போனான். இரவு கொண்டுவந்து விட்டான்.

அதற்கப்புறம் வந்த மழை மாதத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்த புஷ்பா பலாமரத்து வளைவில் பள்ளத்துக்குள் போய்விட்டாள். பெல்ட் அறுந்து, சுருண்டு, பின் சக்கரத்தை இறுக்கிப் பூட்டிவிட்டது என்றார்கள். பொலிஸிலிருந்து வண்டியை எடுத்ததும், பார்த்ததும், பழைய இரும்புக்குப் போட்டதும் எல்லாமே நளீர். "நீ பாக்காத மச்சான், தாங்க மாட்டாய்," என்றான். காளிமுத்து கையைப் பிடித்து இழுத்துக் கேட்ட அன்றைக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"புதுப் பெல்ட்தான் அறுந்தீக்கி. ரோலர் லேசு பண்ணினதால எஞ்சின் கூடச் சுத்தி, சூடாகி... உன்ட பிழை இல்ல மச்சான். ஆருக்கும் வரலாம்."

உன் பிழை இல்லை. அந்த வார்த்தையைத்தான் அவன் இத்தனை நாளும் சுமந்துகொண்டு திரிந்தான். கருமாதி அன்றைக்கு அம்மா பாலம்மா தோட்டத்து லய வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும், "வண்டியில கைய வச்சது நீதானடா?" என்று கேட்டாள். அவன் ஆம் என்றான். அதற்குப் பிறகு அம்மா அவனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. போன் எடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள்.

சர்...

மூடிக்குள் மறுபடியும்.

சக்கரம் அசைந்தது. ஒரு விரல் அகலம். நின்றது. இன்னொரு விரல் அகலம்.

காளிமுத்து வாசலைப் பார்த்தான். ஓடிவிடலாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் றமீஸா வருவாள், இந்த வண்டியில் ஏறுவாள், குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டு இந்த இறக்கத்தில் போவாள். அவன் ஸ்பேனரை எடுத்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. மூடியை இழுத்தான். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பது போல ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு சட்டென்று விட்டது.

கியூடெக்ஸ் வாசனை முகத்தில் அறைந்தது.

முன் புல்லி. பின்னால் கிளச். இரண்டையும் சுற்றிக் கறுப்பாக, கொழுகொழுவென்று, நல்ல பெல்ட். வெடிப்பில்லை. தேய்வில்லை. இந்த வருஷத்தில், இந்த ஊரில், யாரிடமும் இல்லாத பெல்ட்.

போனை எடுத்துக் கிட்டே பிடித்தான். பெல்ட்டின் முதுகு எதிலும் உரசாது. அதில் எழுதியது அழியாது.

அழியவில்லை.

ஊதா அம்பு. எலி வால்.

அவன் உட்கார்ந்துவிட்டான். ஈரச் சீமெந்துத் தரை. உடம்பு முழுக்க ஒரே ஒரு எண்ணம், ஆணி மாதிரி. இது அறுந்துபோகவில்லை. இது அவளுடைய வண்டியில் இருக்கவே இல்லை. அவள் அந்த வளைவில் இறங்கியபோது இது இங்கே இருந்தது. அங்கே அறுந்தது வேறொன்று. வெடித்த ஒன்று. பழைய ஒன்று. ஒருவன் கழுவி ஓடிப் பார்க்கிறேன் என்று எடுத்துப்போய், ஒரு சாயங்காலத்தில், இரண்டு சாம்பல் நிற வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மாற்றிப் போட்ட ஒன்று.

தன் கை அவளைக் கொல்லவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. ஒரு கிணறு மட்டும் திறந்தது.

அவன் கண் முன்னால், சாவியில்லாத வண்டியில், பெல்ட் நகர்ந்தது. அம்பு மெதுவாக மேலே ஏறி, முன் புல்லியைச் சுற்றி, கீழே மறைந்து, மறுபடியும் மேலே வந்தது. காட்டியது. போனது. வந்தது. காட்டியது.

"புஷ்பா," என்றான்.

பெல்ட் நின்றது.

போனை மறுபடி மேசையில் சாய்த்துவிட்டு, எப்படிக் கழற்றினான் என்று அவனுக்கு நினைவில்லை. முன் நட்டுக்குச் சாதாரணமாக உடம்புப் பலம் எல்லாம் வேண்டும். அன்றைக்குக் கையாலேயே சுழன்று வந்தது. பெல்ட் அவன் கைக்கு வந்தபோது அது சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் கை மாதிரிச் சூடு.

"என்ன மச்சான், இருட்டுக்குள்ள தவமா?"

நளீர். வாசலில், பனிக்குள், கையில் பிளாஸ்டிக் கலன். வழியில் போன லொறி ஒன்று இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். நல்ல சந்தோஷத்தில் இருந்தான்.

"விடிய முந்திப் போனவன், இப்பதான் கெடச்சது. எனக்குப் பின்னால நின்ட மனிசன் வரிசையிலயே மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிட்டான் மச்சான். மாப்பிள்ளையும் வரிசையிலதான். பெற்றோல் மட்டும்..." வெளிச்சம் விழுந்த இடத்தை அப்போதுதான் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே ஆறியது. "இது ஏன் இங்க?"

"ராத்தா கொண்டாந்தாங்க."

"நான் செல்லீக்கிறனே, கை வைக்காத எண்டு."

"ஏன் நளீர்?"

நளீர் கலனைக் கீழே வைத்தான். காளிமுத்து பெல்ட்டைப் போன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஊதா நிறம் பளிச்சென்று தெரிந்தது.

கூரைத் தண்ணீர் சொட்டியது. நளீர் அதைப் பார்த்தான். பிறகு, வரிசையில் நின்று களைத்தவன் உட்காருவது போல, டயர் அடுக்கில் உட்கார்ந்தான்.

"றமீஸா மாசமா ஈந்தா மச்சான்."

"தெரியும்."

"அவட பெல்ட் வெடிச்சிப் போயீந்த. எங்க தேடியும் இல்ல. கொஞ்ச நாளைக்கி மாத்திப் போட்டா, புதுச் சாமான் வந்ததும் திருப்பிப் போட்டுறலாம் எண்டு நெனச்ச. அந்தப் பழசு இன்னம் ஓடும் எண்டுதான் நெனச்ச. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா." காளிமுத்துவின் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "ராத்தாவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளே கழட்டிக் குடுத்திருப்பா. பஸ்ல போயிருப்பா. ஏண்டா கேக்கல?"

"வாய் வரல்ல."

"சரி. அதுக்கப்புறம்? எங்கம்மா அன்னைக்கு என்னைக் கேட்டுச்சே, கைய வச்சது நீதானான்னு. நீ பக்கத்துல நின்ன. சோத்து வாளியத் தூக்கிக்கிட்டு நின்ன. கேட்டுக்கிட்டுத்தானே நின்ன?"

நளீர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"எனக்குப் புள்ள ஈக்கி மச்சான்," என்றான் கைகளுக்குள்ளிருந்து. "பொலிஸ் எண்டு போனா... நீ கல்யாணம் காட்சி இல்லாதவன், உனக்கு ஒண்டும் ஆகாது எண்டு..."

முடிக்கவில்லை. காளிமுத்துவும் முடிக்கச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒரே கோப்பையில் குடித்தவன், தன்னை எந்தத் தட்டில் வைத்து எடைபோட்டிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்... சர்... சர்...

நளீர் கையை எடுத்தான். "என்ன அது?"

பெல்ட் இல்லாத வண்டி. திறந்து கிடக்கும் புல்லி. பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நளீர், அதுக்குக் கிட்டப் போகாத."

"நீதான் ஸ்டார்ட் பண்ணி வச்சீக்கிறியா?"

"சாவி ஏங்கிட்ட இருக்கு."

நளீர் நம்பவில்லை. அவன் பயந்தது வண்டிக்கல்ல, காளிமுத்துவுக்கு. அது அவன் கண்ணில் தெரிந்தது. சுவரோரமாக நகர்ந்து, இவனை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்தான். "நான் இதத் தள்ளிக்கிட்டுப் போறன். நாளைக்குப் பேசுவம். நாளைக்கு உன்ட உம்மாட்ட நானே வந்து செல்றன். காலப் புடிச்சாவது செல்றன்."

"விடுறா அத!"

நளீர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். வாசல் சரிவில் உருட்டுவதற்காக ஏறிக் குந்தினான். வண்டி வீதியில் இறங்கியது. இறங்கிய வண்டி இடது பக்கம், பள்ளத்துக்குத்தான் உருள வேண்டும். தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வலது பக்கம் திரும்பியது.

மேட்டில் ஏறியது.

எஞ்சின் சத்தம் இல்லை. டயர் ஈரத்தில் ஓடும் சத்தம் மட்டும். நளீர் பிரேக்கை இழுப்பது தெரிந்தது. இரண்டு கையாலும். பின்னால் பிரேக்கின் சிவப்பு லைட் எரியவில்லை. காலைத் தரையில் ஊன்றினான். செருப்பு கழன்று வீதியில் கிடந்தது. திரும்பிப் பார்த்தான். காளிமுத்துவின் கையில் பெல்ட்டைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்தது.

"காளி!"

"குதி! குதிடா!"

பனி மூடிக்கொண்டது.

அதே நேரம் அவன் கையில் பெல்ட் ஓடத் தொடங்கியது.

கைக்குள் தளர்வாகக் கிடந்த வளையம் விறைத்து நீண்டது. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத எதிலோ மாட்டியது போல. அவன் உள்ளங்கைகளுக்கு ஊடாக ஓடியது. மெதுவாக. பிறகு வேகமாக. அம்பு வந்தது. போனது. வந்தது. தோல் எரிந்தது. உதறிப் பார்த்தான். கை விரியவில்லை. மேலே, பனிக்குள், டயரின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வளைவை நோக்கி.

எரிவது அவன் கை. ஆனால் ஓடுவது அந்தச் சக்கரம். அது அவனுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்தது. இவன் விரல் இறுகினால் அது நிற்கும். வளைவில் நிற்கும். சட்டென்று நிற்கும்.

விரல்களைத் தளர்த்திப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, நெருப்பைத் தாங்குவது போலத் தாங்கினான். அந்தக் குழந்தையின் மூக்கை நினைத்தான். ஓடட்டும். டவுன் வரைக்கும் ஓடட்டும். அவன் குதிக்கட்டும்.

பின்னால் யாரோ நின்றார்கள்.

மூச்சு இல்லை. ஈரம் மட்டும். மண் வாசனை. அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, சின்ன வயதில் அடுப்பங்கரையில் பின்னால் வந்து கட்டிக்கொள்வது போல, இரண்டு கைகள் அவன் இடுப்பின் இரு பக்கமும் முன்னால் வந்தன. அவன் கைகளின் மேல் படிந்தன. குளிர்.

"வேணாம்," என்றான்.

விரல்கள் அவன் விரல்களின் மேல் ஒவ்வொன்றாக மடிந்தன.

"புஷ்பா. வேணாம்டி. ராத்தா என்ன பண்ணும். வேணாம்."

இறுக்கின.

அவன் பலத்தையெல்லாம் கூட்டி விரிக்கப் பார்த்தான். எலும்பு நெரிந்தது. பெல்ட் கத்தியது. ஒரு துடிப்பு. இன்னொன்று.

நின்றது.

மேலே டயர் வழுக்கிக் கிழியும் சத்தம். தகரம் தாரில் இழுபடும் சத்தம். பலாமரத்துக் கிளைகள் மடமடவென்று. அப்புறம் அந்தப் பள்ளம். அது மிக ஆழமான பள்ளம். சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு கூரைத் தண்ணீர் மட்டும்.

கரண்ட் வந்தது. வீதி விளக்குகள் பனிக்குள் ஒவ்வொன்றாக எரிந்தன. கராஜ் பல்ப் இரண்டு முறை சிமிட்டி வெளிச்சம் கொட்டியது. காளிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். இருட்டில் கண்டதெல்லாம் வெளிச்சத்தில் இருக்காது. எண்ணெய்க் கறைகள் இருக்கும். ஸ்பேனர்கள் இருக்கும். தன் இரண்டு கைகள் இருக்கும். மெல்லக் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தான்.

நான்கு கைகள் இருந்தன.

மேலே இருந்த இரண்டும் நீலம் பாரித்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கி, மணிக்கட்டு வரைக்கும் சேறாக இருந்தன. வேலை மேசையில் போன் அதிரத் தொடங்கியது. திரையில் றமீஸா ராத்தாவின் பெயர் எரிந்தது. எடுக்கக் கையை அசைத்தான். மேலே இருந்த கைகள் இன்னும் கொஞ்சம் இறுக்கின. போன் அடித்துக்கொண்டே, மேசை விளிம்பை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது.